உள்ளுறைக் கதை: ஒரு பிரெஞ்சுத் திறனாய்வுச் சொல்லும் நாத்தானின் உவமையும்

திருமறையை இலக்கியமாகவும் கற்கும் முறை இறையியல் கல்லூரிகளில் வேரூன்றிய பின்னர், திறனாய்வுத் துறைக்குரிய அயன்மொழிச் சொற்கள் பல நம் மாணவரின் கட்டுரைகளிலும் ஆயர்களின் அருளுரைக் குறிப்புகளிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அவற்றுள் அரிதாக வழங்குவதும், வழங்கும்போது பெரும்பாலும் பொருள் திரிந்து வழங்குவதுமான ஒன்று ‘மீஸ் ஆன் அபீம்’ என்னும் பிரெஞ்சுத் தொடர். கதைக்குள் கதை வரும் இடத்திலெல்லாம் இப்பெயரைச் சூட்டுவோர் உளர். இஃது இலக்கியவாணரின் வெறும் சொல்விளையாட்டு என ஒதுக்குவோரும் உளர். இவ்விரு சாராரும் இழப்பது ஒன்றுண்டு. இறைவாக்கினன் ஒருவன் அரசன் முன் நின்று ஒரு கதை சொன்னான். அக்கதை எவ்வாறு வேலை செய்தது என்பதைத் தெளிவாகக் காட்ட வல்ல கருவி இச்சொல். ஆகவே இதன் பிறப்பையும் பொருளையும் ஆராய்ந்து, திருமறை விளக்கத்திற்கு இஃது எவ்வளவில் துணை நிற்கும், எவ்விடத்தில் நம்மைத் திசைதிருப்பும் என்பதைக் காண்போம்.

1. சொல்லின் வரலாறு

‘மீஸ்’ என்பதற்கு வைத்தல் என்பது பொருள். ‘அபீம்’ என்பது கிரேக்கச் சொல்லாகிய ‘அபுசோஸ்’ இலத்தீன் வழியாகப் பிரெஞ்சு மொழியை அடைந்த வடிவம். ‘அ’ என்பது இன்மையையும், ‘புசோஸ்’ என்பது அடித்தளத்தையும் குறிக்கும். எனவே அடி காணவியலாத ஆழம் என்பதே சொற்பொருள். இச்சொல் நமக்குப் புதிதன்று. எபிரேயத் திருமறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் ஆதியாகமம் 1:2இல் ‘தெஹோம்’ என்னும் சொல்லுக்கு இதனையே இட்டனர். லூக்கா 8:31, ரோமர் 10:7 ஆகிய இடங்களிலும் இச்சொல்லே வருகிறது. நம் தமிழ்த் திருமறையில் முன்னது ஆழம் எனவும், பின்னவை பாதாளம் எனவும் பெயர்க்கப்பட்டுள்ளன.

ஆயினும் இலக்கியச் சொல் இப்பாதாளத்திலிருந்து நேரே எழுந்ததன்று. ஐரோப்பிய உயர்குடியினரின் குலச்சின்னங்கள் கேடய வடிவில் வரையப்படுவன. அக்கேடயத்தின் நட்ட நடுவிடத்திற்குப் பிரெஞ்சுச் சின்னக்கலையில் ‘அபீம்’ என்று பெயர். அவ்விடத்தில் சிறு கேடயம் ஒன்று பொறிக்கப்பட்டால், அஃது ‘ஆன் அபீம்’ அமைந்தது என்பர். சின்னம் வரைவோரின் இத்தொழிற்சொல்லை இலக்கியத்திற்குக் கொணர்ந்தவர் ஆந்த்ரே ழீத் (1869-1951). பிரான்சு நாட்டுப் புரொட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்து, திருமறை வாசிப்பிலே வளர்ந்து, பிற்காலத்தில் அச்சமயத்தோடு ஓயாது வாதிட்டவர் அவர். 1947இல் நோபல் பரிசு பெற்றவர். 1893இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், நாட்குறிப்பில் ஒரு கருத்தை எழுதினார். ஒரு கலைப்படைப்பின் முழுப்பொருளும் அதனுள் வரும் மாந்தரின் அளவிற்குச் சுருக்கப்பட்டு, அப்படைப்பினுள்ளேயே மீண்டும் தோன்றுவது தமக்கு உவப்பானது என்பது அக்கருத்து. மெம்லிங், வெலாஸ்கஸ் போன்றோரின் ஓவியங்களையும், ‘ஹாம்லெட்’ நாடகத்துள் நடிக்கப்பெறும் நாடகத்தையும் எடுத்துக்காட்டாகக் கூறிய அவர், இவை எவையும் முழுதும் பொருந்தவில்லை என்றார். கேடயத்தின் நடுவே பொறிக்கப்படும் மற்றொரு கேடயமே தம் கருத்துக்கு நெருங்கிய ஒப்புமை என முடித்தார்.

தொடரை இன்றைய பெயர்வடிவில் அமைத்தவர் ழீத் அல்லர். 1950இல் பிரெஞ்சு நாவல் வரலாற்றை எழுதிய க்ளோத்-எத்மோந்த் மாஞி என்னும் திறனாய்வாளரின் நூல் வழியாக அது பரவலாயிற்று. 1977இல் சுவிட்சர்லாந்து அறிஞர் லூசியன் டேலன்பாக் இதற்கெனத் தனி நூலொன்றை எழுதினார். கதை முழுவதையும் தன்னுள் பிரதிபலிக்கும் உட்கண்ணாடி என்ற பொருளை நிலைநிறுத்தியது அந்நூலே.

2. கேடயமும் கண்ணாடியும்

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ழீத் கேடயம் என்றார். பின்வந்தோர் கண்ணாடி என்றனர். இரண்டும் ஒன்றல்ல. கண்ணாடி தன்முன் நிற்பதை அப்படியே திருப்பிக் காட்டும். கண்ணாடிக்கு எதிரே கண்ணாடியை வைத்தால் பிம்பத்துள் பிம்பம் முடிவின்றிச் செல்லும். 1904 முதல் ட்ரோஸ்ட் என்னும் டச்சு நிறுவனத்தின் கொக்கோ டப்பாவில் ஒரு தாதியின் படம் உண்டு. அவள் ஏந்திய தட்டில் அதே டப்பா. அதிலும் அதே தாதி. இத்தகைய முடிவிலா அடுக்கையே பலர் ‘மீஸ் ஆன் அபீம்’ என எண்ணுகின்றனர். ‘அபீம்’ என்ற சொல்லின் பாதாளப் பொருளும் அவ்வெண்ணத்திற்குத் துணை போகிறது.

ஆனால் சின்னக்கலையில் நடுக்கேடயம் பெரும்பாலும் வெளிக்கேடயத்தின் நகலாக இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, 1801 முதல் 1837 வரை பிரித்தானிய அரசச் சின்னத்தின் நடுவே ஹனோவர் நாட்டின் சின்னம் தனிக்கேடயமாக இருந்தது. வெளியே பிரித்தானிய அரசு. உள்ளே அவ்வரசனின் குடி வந்த வேற்றுநாடு. அவ்வரசன் யார் என்பதை அறிவித்தது உட்கேடயமே. அது வெளிக்கேடயத்தோடு வேறுபட்டதனாலேயே அவ்வாறு அறிவிக்க முடிந்தது.

ழீத் சுட்டிய ‘ஹாம்லெட்’ நாடகமும் இதற்குச் சான்று. அரசனாகிய தமையனை நஞ்சிட்டுக் கொன்ற கிளாடியஸின் முன், அதே முறையில் நிகழ்ந்த ஒரு கொலை நடித்துக் காட்டப்படுகிறது. ஆனால் நடிக்கப்படும் நாடகத்தில் கொலைஞன் அரசனின் தம்பி அல்லன், அவன் மருமகன். கிளாடியஸுக்கு ஹாம்லெட்டும் அம்முறையினனே. ஆகவே உள்நாடகம் நடந்த கொலையைக் காட்டுவதோடு, நடக்கவிருக்கும் பழிவாங்கலையும் அறிவித்து அச்சுறுத்துகிறது. உறவுமுறையில் செய்த சிறு மாற்றமே இவ்வேலையைச் செய்கிறது. எனவே உட்கதை எங்கே வெளிக்கதையோடு ஒத்திருக்கிறது என்று மட்டும் கேட்டு நிறுத்துவது பாதி ஆய்வே. எங்கே ஒத்துப்போக மறுக்கிறது என்ற கேள்வியே நம்மை மேலே கொண்டுசெல்லும்.

இவ்வளவில் மூன்று வரையறைகளை மாணவர் மனங்கொள்ளலாம். முதலாவது, உட்கதை பெருங்கதையின் உலகினுள்ளே ஒருவர் சொல்லவோ காட்டவோ நிகழ வேண்டும். இரண்டாவது, அது பெருங்கதையின் ஒரு கிளையை அன்றி, அதன் மையப்பொருளைப் பிரதிபலிக்க வேண்டும். மூன்றாவது, அப்பிரதிபலிப்பில் பொருளுடைய வேறுபாடு ஒன்று இருக்க வேண்டும். மாற்கு 5இல் யவீருவின் மகளின் கதைக்கு நடுவே பெரும்பாடுள்ள பெண்ணின் கதை வருவதை இச்சொல்லால் குறிப்பது பொருந்தாது. பன்னிரண்டு ஆண்டு என்ற குறிப்பு இரண்டையும் இணைப்பது உண்மையே. ஆயினும் இரண்டும் ஒரே தளத்தில் நிகழும் நிகழ்ச்சிகள். ஒன்று மற்றொன்றனுள் சொல்லப்படுவதன்று.

3. நாத்தானின் உவமை

மூன்று வரையறைகளும் முழுதும் பொருந்தும் இடம் 2 சாமுவேல் 12:1-15. பலமுறை பிரசங்கிக்கப்பட்ட பகுதியே எனினும், உவமையைக் கதையினின்று பிரித்தெடுத்துப் பொதுவான நீதிபோதனைக்குரிய எடுத்துக்காட்டாக்குவது நம்மிடையே பெருவழக்கு. அவ்வாறு பிரிக்கும்போது எவ்வளவு இழக்கிறோம் என்பதை மூலமொழியோடு பார்த்தால் அறியலாம்.

பதினோராம் அதிகாரத்தில் ‘அனுப்புதல்’ என்னும் வினை திரும்பத் திரும்ப வருகிறது. தாவீது யோவாபைப் போருக்கு அனுப்புகிறான். பெண் யார் என்று விசாரிக்க ஆளனுப்புகிறான். அவளை அழைத்துவர ஆளனுப்புகிறான். உரியாவின் சாவுக்கான கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். அனுப்பும் அதிகாரம் முழுவதும் அரசனிடம் இருப்பதுபோல் தோன்றுகிறது. பன்னிரண்டாம் அதிகாரம் தொடங்கும்போது அதே வினைக்கு எழுவாய் மாறுகிறது: கர்த்தர் நாத்தானை அனுப்புகிறார். அதுபோலவே ‘எடுத்தல்’ என்னும் எபிரேய வினை, தாவீது பத்சேபாளைக் கொள்ளும் 11:4இலும், செல்வன் ஏழையின் ஆட்டைக் கொள்ளும் 12:4இலும் வருகிறது. அரசன் எவற்றையெல்லாம் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் மக்களை எச்சரித்த 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்திலும் அதே வினை அடுக்கி வருவதைக் கருதினால், இவ்வுவமை ஒரு மனிதனின் இச்சையை மட்டும் பேசவில்லை, அரசாட்சியின் இயல்பையே பேசுகிறது என்பது விளங்கும்.

இன்னும் நுட்பமான தொடர்பு ஒன்றுண்டு. தன் வீட்டிற்குப் போக மறுத்த உரியா 11:11இல் கூறும் மூன்று வினைகள் உண்ணுதல், குடித்தல், மனைவியோடு படுத்தல் என்பன. உடன்படிக்கைப் பெட்டியும் படையும் கூடாரத்தில் இருக்கையில் இம்மூன்றையும் தான் செய்யேன் என்கிறான். நாத்தானின் உவமையில் அவ்வாட்டுக்குட்டி ஏழையின் உணவை உண்டு, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மார்பில் படுத்திருந்தது. அதே மூன்று வினைகள், அதே வரிசை. அது அவனுக்கு மகள் போன்றிருந்தது எனவும் கூறப்படுகிறது. மகளைக் குறிக்கும் ‘பத்’ என்னும் எபிரேயச் சொல் பத்சேபாளின் பெயரின் முதற்பகுதியாகும். இறந்துபோன உரியாவின் கடைசிச் சொற்கள் இவ்வாறு உவமைக்குள் ஒலிக்கின்றன. தாவீதின் செவியில் அவை விழுந்தன. அவன் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். உவமையில் ஆட்டுக்குட்டி கொல்லப்படுகிறது, ஏழை உயிரோடிருக்கிறான். நடந்த கதையிலோ ஏழை கொல்லப்படுகிறான். ‘ஆட்டுக்குட்டி’ அரண்மனையில் இருக்கிறாள். நாத்தான் கொலையை ஏன் உவமையில் வைக்கவில்லை? வைத்திருந்தால் தாவீது விழித்துக்கொண்டிருப்பான் என்பது எளிய விடை. அதற்கு மேலும் ஒன்றுண்டு. தாவீது அளிக்கும் தீர்ப்பைப் பாருங்கள். ஆட்டைத் திருடியவன் நான்கு ஆடுகளைத் திருப்பித் தரவேண்டும் என்பது யாத்திராகமம் 22:1இன் சட்டம். தாவீது அதனைக் கூறுகிறான். ஆனால் அதற்கு முன்பே, அம்மனிதன் சாவுக்குரியவன் என்கிறான். ஆட்டுத் திருட்டுக்குச் சாவு தண்டனையன்று. உவமையில் எம்மனிதனும் கொலையுண்ணவில்லை. உவமைக்குள் இல்லாத கொலைக்குரிய தண்டனையைத் தாவீதின் வாயே கொண்டுவந்து சேர்க்கிறது. நாத்தான் விட்டுவைத்த இடைவெளியைக் குற்றவாளி தன் தீர்ப்பினால் நிரப்புகிறான். அதன்பின் அம்மனிதன் யார் என்பதைச் சொல்ல நாத்தானுக்கு மிகச் சில சொற்களே தேவைப்பட்டன.

மற்றொரு வேறுபாட்டையும் மறைக்கலாகாது. பத்சேபாள் உவமையில் ஆட்டுக்குட்டியாகிறாள். பதினோராம் அதிகாரத்தில் தான் கருவுற்றதை அறிவிக்கும் இரண்டே எபிரேயச் சொற்கள் அவளுடையவை. உவமையில் அவையும் இல்லை. குற்றம் ஓர் ஆணின் உடைமையை மற்றோர் ஆண் கவர்ந்ததாக மட்டுமே காட்டப்படுகிறது. அரசனின் மனச்சான்றைத் தொட அவ்வடிவம் போதுமானதாக இருந்தது. ஆனால் அவளுக்கு நேர்ந்ததை முழுதும் சொல்ல அது போதாது. உவமையையே இறுதி அளவுகோலாகக் கொண்டு பிரசங்கிப்போர், பெண்ணை உடைமையாக்கும் நோக்கை அறியாமலே சபைக்குப் போதித்துவிடுகின்றனர். உவமைக்கு வெளியே உள்ள கதை அவளைத் தன் கணவனுக்காகப் புலம்புகிறவளாக 11:26இல் காட்டுகிறது. மத்தேயு 1:6 அவளை உரியாவின் மனைவியாகவே வம்சவரலாற்றில் வைத்துக் கொலையுண்டவனின் பெயரை மறக்கவிடாமல் செய்கிறது. உட்கேடயத்தை வெளிக்கேடயத்தோடு ஒருங்கே பார்த்தால்தான் இவையெல்லாம் புலப்படும்.

இரண்டு அதிகாரங்கள் கழித்து, 2 சாமுவேல் 14இல், தெக்கோவா ஊராளான ஒரு பெண் தாவீதின் முன் மற்றொரு கதையைச் சொல்கிறாள். இரு மகன்களில் ஒருவன் மற்றவனைக் கொன்றான். எஞ்சிய ஒருவனையும் குலத்தார் கொல்லத் தேடுகின்றனர். அம்னோனையும் அப்சலோமையும் பிரதிபலிக்கும் கதை இது. அமைப்பில் நாத்தானின் உவமையை ஒத்தது. அரசனை அவன் தீர்ப்பினாலேயே சிக்கவைப்பது. ஆனால் இவளை அனுப்பியவன் யோவாப். அப்சலோம் திரும்பி வருகிறான். அடுத்த அதிகாரத்தில் கலகம் எழுகிறது. ஒரே உத்தி இறைவாக்குக்கும் பயன்படும், அரசியல் சூழ்ச்சிக்கும் பயன்படும். உத்தியின் அழகை வியந்து நிற்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். யார் அனுப்பினார், யாருக்காகப் பேசப்பட்டது என்று கேட்பவரே வேறுபாடு காண்பர்.

4. அறிதலும் மனந்திரும்புதலும்

மாற்கு நற்செய்தியில் இத்தகைய உட்கதைகள் இரண்டு. விதைப்பவன் உவமை (4:1-20) நற்செய்தி முழுவதற்கும் சுருக்கமாக அமைந்தது என்பதை மேரி ஆன் டால்பர்ட் 1989இல் விரிவாக எடுத்துக்காட்டினார். கற்பாறை நிலத்தைக் குறிக்கும் ‘பெத்ரோதேஸ்’ என்ற சொல், சீமோனுக்கு 3:16இல் இடப்பட்ட ‘பேதுரு’ என்ற பெயரை நினைவூட்டுகிறது. பாறைநிலத்தார் துன்பம் வரும்போது இடறுவர் என 4:17இல் வரும் வினையே, சீடர் எல்லோரும் இடறுவர் என்ற 14:27இலும் வருகிறது. மகிழ்ச்சியோடு ஏற்று, வேரின்றி வாடுவோர் யார் என்று கேட்ட சீடர்கள், தங்களைப் பற்றிய விடையையே பெற்றுக்கொண்டனர்.

திராட்சத்தோட்டக் குத்தகைக்காரரின் உவமை (12:1-12) மேலும் கடுமையானது. அங்கு அனுப்பப்படும் மகன் அன்புக்குரியவன் எனப்படுகிறான்; இயேசுவின் திருமுழுக்கிலும் மறுரூப மலையிலும் கேட்ட அதே சொல். கேட்ட தலைவர்கள் இவ்வுவமை தங்களைக் குறித்தது என அறிந்துகொண்டனர். அறிந்தபின் செய்தது என்ன? அவரைப் பிடிக்க வழிதேடினர். குத்தகைக்காரர் செய்ததை அவர்களும் செய்யத் துணிந்தனர். கிளாடியஸும் நாடகத்தில் தன்னைக் கண்டான், முழங்காலிட்டான், ஆனால் கொலையால் பெற்ற மகுடத்தையும் மனைவியையும் விட மனமின்றி எழுந்தான். தன்னைக் கதையில் காண்பது வேறு, மனந்திரும்புவது வேறு. தாவீதிடம் இரண்டும் சேர்ந்து நிகழ்ந்தன. அப்போதும் உரியா மீளவில்லை என்பதையும், கதை அதை மறைக்கவில்லை என்பதையும் நாம் சேர்த்தே சொல்லவேண்டும்.

பிரான்சில் 1960களிலும் 1970களிலும் வளர்ந்த புதுநாவல் கொள்கையினர், இவ்வுத்தியைக் கதை தன்னைத்தானே நோக்கும் செயலாகக் கொண்டாடினர். கதை கதையையே காட்டும். அதற்கு அப்பால் எதையும் காட்டவேண்டியதில்லை என்பது அவர்தம் போக்கு. சில நாவல்களுக்கு அது பொருந்தலாம். நாத்தானின் கதைக்குப் பொருந்தாது. அக்கதைக்கு வெளியே, ரப்பா நகரின் மதிலருகே ஒரு மனிதன் விழுந்துகிடந்தான். அவனைக் கணக்கில் கொள்ளாத எவ்விளக்கமும், எவ்வளவு நுட்பமாயினும், தாவீதின் பக்கமே நின்றுவிடும்.

5. தமிழில் இதற்குப் பெயர்

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்கலாம்? ‘கிளைக்கதை’ பொருந்தாது, கிளை பக்கவாட்டில் செல்வது. ‘கதைக்குள் கதை’ மிகப் பரந்தது. நம் இலக்கண மரபில் ‘உள்ளுறை’ என்னும் அருஞ்சொல் உண்டு. வெளிப்படையான உவமையின்றி, பாட்டின் நிலத்துக்குரிய கருப்பொருள்களின் நிகழ்ச்சியிலேயே மாந்தரின் நிலையைக் குறிப்பாக உணர்த்துவதைத் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. பொருள் இன்னதென்று சொல்லாது, கேட்பவனே கண்டு முடிக்குமாறு விடுவது அதன் இயல்பு. கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் உள்ளுறைக்கு நிலமாகக் கொள்ளலாகாது என்பதும் அதன் விதி. நாத்தானின் உவமையிலும், விதைப்பவன் உவமையிலும், திராட்சத்தோட்ட உவமையிலும் கடவுளின் பெயர் ஓரிடத்தும் இல்லை என்பது ஒப்புநோக்கத்தக்கது. இவற்றிடையே வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை; ஒப்புமை மட்டுமே. ஆயினும் ‘உள்ளுறைக் கதை’ என்னும் பெயர் பிரெஞ்சுத் தொடரினும் நமக்குத் தெளிவாகப் பொருள் தரும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டும் நம் மொழியில் உண்டு. கம்பர் யுத்த காண்டத்தில் இரணியன் வதைப் படலத்தை அமைத்தார். வான்மீகத்தில் அஃது இல்லை. வரம்பெற்ற செருக்கால் அழிந்த இரணியனின் கதையை, அதே செருக்குடைய இராவணனுக்கு வீடணன் எடுத்துரைக்கிறான். இராவணன் கதையின் ஒப்புமையைக் காணத் தவறவில்லை. ஆனால் இரணியனிடம் தன்னைக் காண்பதை விடுத்து, தந்தை அழியக் களித்த மகனுக்கும் பகைவனை நேசிக்கும் தம்பிக்கும் ஒப்புமை கண்டு, வீடணனையே குற்றஞ்சாட்டுகிறான். தன்மேல் விழவேண்டிய ஒளியைச் சொன்னவன்மேல் திருப்பிவிடும் இத்திறமை இலங்கை வேந்தனுக்கு மட்டும் உரியதன்று. நம் திருச்சபைக் குழுக்கூட்டங்களிலும் அதனைக் காணலாம்.

6. உரைப்பவரும் கேட்பவரே

ஆயர்களாகிய நமக்கு ழீத் விட்டுச்சென்ற எச்சரிக்கை ஒன்றுண்டு. 1919இல் வெளிவந்த ‘பாஸ்டரல் சிம்பொனி’ என்னும் அவருடைய குறுநாவல், சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமத்து ஆயர் ஒருவரின் குறிப்பேடுகளாக அமைந்தது. பார்வையற்ற அநாதைச் சிறுமி ஒருத்தியை அவர் வீட்டிற்குக் கொணர்கிறார். மனைவி முறையிடும்போது காணாமற்போன ஆட்டின் உவமையைக் கூறித் தம் செயலை நிறுவுகிறார். மருத்துவ நண்பர் ஒருவர், பார்வையற்ற மகளைப் பொய்யுலகில் வாழவைத்த தந்தையைப் பற்றிய டிக்கன்ஸின் கதையை அவருக்கு நினைவூட்டுகிறார். ஆயரோ, அத்தகைய பொய் தமக்குத் தேவைப்படாது என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறார். அவர் அப்பெண்மேல் கொண்ட காதலும், அவளிடமிருந்து மறைத்த திருமறைப் பகுதிகளும், பார்வை பெற்றபின் அவள் கண்ட உண்மையும், அவளுடைய சாவும் பின்னர் வருகின்றன. உள்ளுறைக் கதை அவர் முன் வைக்கப்பட்டது. லூக்கா 18இல் வரும் பரிசேயனைப்போல, தாம் அம்மனிதன் அல்லர் என நன்றி கூறி அதைக் கடந்து சென்றார்.

பிரசங்கபீடத்தில் நிற்கும் நாம் நம்மை நாத்தானாகவே எண்ணிக்கொள்வது எளிது. வாரந்தோறும் உவமைகளைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் தொழில் அவ்வெண்ணத்தை வளர்க்கவே செய்யும். ஆகவே இவ்வுவமையை மீண்டும் பிரசங்கிக்க நேரும் ஆயர், மூன்று கேள்விகளோடு அருளுரையை ஆயத்தம் செய்வாராக. இக்கதையும் நடந்ததும் எங்கே ஒத்துப்போகவில்லை? அவ்விடைவெளியில் யாருடைய குரல் அடங்கிப்போயிற்று? நம் சபையில், நம் நிறுவனத்தில், நாம் வகிக்கும் பொறுப்பில் எடுக்கப்பட்ட ஆட்டுக்குட்டி எது? மூன்றாம் கேள்விக்கு விடை காணாத ஆயர் அந்த வாரம் வேறொரு பகுதியைத் தெரிந்துகொள்வது நலம்.